பொது வைஃபையில் மெயில் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

திருச்சியில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கினால் முதலில் வரும் நாலைந்து பேரில் ஒருவராவது, "அண்ணே, ஊருக்குப் போன இடத்துல வைஃபை போட்டேன், அதுலேர்ந்து மெயில் ஒரு மாதிரியா இருக்கு" என்பார். ஒரு மாதிரி என்றால் என்ன மாதிரி என்று கேட்டு வாங்குவதற்குள் அரை மணி நேரம் போய்விடும். அதனால்தான் அறிகுறிவாரியாக எழுதி வைக்கிறேன். உங்களுக்கு நேர்ந்தது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், காசு பிடிக்கும் காரணம் கடைசியில்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2010-ல் ஃபயர்பாக்ஸுக்கு ஃபயர்ஷீப் என்று ஒரு எக்ஸ்டென்ஷன் வந்தது. காபிக் கடையில் பக்கத்து மேசைக்காரரின் கணக்குக்குள் இரண்டு கிளிக்கில் போய் உட்கார்ந்துவிடலாம். பொது வைஃபை என்றதும் வரும் பயம் பெரும்பாலும் அந்தக் காலத்து மிச்சம். இப்போது பெரிய மெயில் தளங்கள் எல்லாம் பூட்டுப் போட்டுத்தான், அதாவது வழியில் எவரும் படிக்க முடியாதபடி என்க்ரிப்ட் செய்துதான் பேசுகின்றன. என்னிடம் வந்த கேஸ்களில் காற்றில் பிடிபட்ட பாஸ்வேர்டைவிட, உரியவரே கையால் தட்டிக் கொடுத்த பாஸ்வேர்டுதான் அதிகம். அதனால் கீழே "நிறுத்துங்கள்" என்று இருக்கும் இடத்தில் நிஜமாகவே நிறுத்துங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதல் சோதனை ஒன்றுதான். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதே மெயிலைத் திறந்து பாருங்கள். லேப்டாப் என்றால் உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில். டேட்டாவில் ஒழுங்காகத் திறந்தால் கோளாறு அந்த வைஃபையில். டேட்டாவிலும் அதே தகராறு என்றால் கோளாறு உங்கள் கருவியில், இல்லாவிட்டால் கணக்கில். (தினம் ஒன்றரை ஜிபி பேக் போட்டுவிட்டு மெயில் பார்க்க எதற்கு ஊரான் வைஃபை என்று கேட்கத் தோன்றும்தான். ஆஸ்பத்திரி கீழ்த்தளத்தில் சிக்னல் இருக்காது, வெளிநாட்டு ஏர்போர்ட்டில் ரோமிங் இருக்காது, ராத்திரி ஒன்பது மணிக்கே டேட்டா தீர்ந்திருக்கும். நியாயமான காரணங்கள்.)

## அறிகுறி 1: வைஃபை கனெக்ட் ஆகிவிட்டது, மெயில் மட்டும் திறக்கவில்லை

நுழைவுப் பக்கம் முடியவில்லை. பெரும்பாலும் இதுதான். ரயில் நிலையம், ஏர்போர்ட், லாட்ஜ் எங்கும் முதலில் ஒரு பக்கம் வந்து விவரம் கேட்கும், அதை முடித்தால்தான் வழி திறக்கும். அது தானாக வராவிட்டால் பிரவுசரில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று அடியுங்கள். பூட்டில்லாத தளம் அது, இதற்கென்றே வைத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு ஜிமெயிலையே பத்துத் தடவை ரீலோட் செய்தால் நுழைவுப் பக்கம் வராது, சிவப்பு எச்சரிக்கைதான் வரும்.

விபிஎன் (உங்கள் இணைப்பை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் ஆப்) அல்லது பிரைவேட் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் சேவைக்கான செட்டிங்) குறுக்கே நிற்கிறது. விளம்பரம் வராமல் இருக்க ஆண்ட்ராய்டு போனில் யாராவது பிரைவேட் டிஎன்எஸ் பெயர் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அது இருந்தால் பல இடங்களில் நுழைவுப் பக்கம் வரவே வராது. அதை ஆட்டோமேட்டிக்கில் வைத்து, உள்ளே நுழைந்து, பிறகு பழையபடி மாற்றிக்கொள்ளுங்கள். விபிஎன்னும் அப்படியே: அணை, நுழை, மறுபடி போடு.

நேரம் தீர்ந்துவிட்டது. ரயில் நிலையங்களில் வரும் ரயில்வயர் வைஃபையில் ஒரு நாளைக்கு முதல் 30 நிமிடம் இலவசம். அதற்கு மேல் காசு, இல்லாவிட்டால் சொந்த டேட்டா.

சரி, பக்கம் வந்துவிட்டது. அது என்ன கேட்கிறது என்று பாருங்கள்.

*மொபைல் எண், ஓடிபி கேட்டால்:* வழக்கமானதுதான். பொது வைஃபை தருகிறவர் யார் பயன்படுத்தினார் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது நம் தொலைத்தொடர்புத் துறை 2009-லேயே போட்ட விதி. ஆனால் வந்த எஸ்எம்எஸ்ஸை முழுக்கப் படியுங்கள். அதில் வைஃபை என்ற பேச்சே இல்லாமல் கூகுள் பெயரோ, 'ஜி' எழுத்தும் ஒரு கோடும் போட்டுத் தொடங்கும் எண்ணோ, வாட்ஸ்அப் கோடோ இருந்தால் நிறுத்துங்கள். உங்கள் எண்ணை வைத்து அந்தப் பக்கத்துக்காரர் உங்கள் கணக்கில் நுழையப் பார்க்கிறார். நீங்கள் வைஃபை ஓடிபி என்று நினைத்து அவருக்குச் சாவி கொடுக்கிறீர்கள்.

*அறை எண், பெயர் கேட்டால்:* லாட்ஜில் சகஜம்.

*மெயில் முகவரி மட்டும் கேட்டால்:* விளம்பரம் அனுப்பத்தான். உபரியாக ஒரு முகவரி இருந்தால் அதைக் கொடுங்கள்.

*மெயில் முகவரியும் அந்த மெயிலின் பாஸ்வேர்டும் கேட்டால்:* நிறுத்துங்கள். வைஃபை தர எவருக்கும் உங்கள் மெயில் பாஸ்வேர்டு தேவையில்லை. 2024-ல் ஆஸ்திரேலியப் போலீஸ் ஒருவர் மேல் இதற்காகத்தான் வழக்குப் போட்டது. கையடக்கமான ஒரு கருவியை வைத்துக்கொண்டு பெர்த், மெல்பர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும், பறக்கும் விமானத்துக்குள்ளும்கூட, அசல் வைஃபையின் பெயரிலேயே ஒரு நெட்வொர்க்கை ஓட்டியிருக்கிறார். சேர்ந்தவர்களுக்கு மெயில் அல்லது சமூக வலைதள லாகின் கேட்கும் பக்கம் வந்தது. விமான ஊழியர்கள் சந்தேகப்பட்டுப் புகார் சொன்னதில் மாட்டினார்.

போலியைப் பிடிக்க எனக்குத் தெரிந்த எளிய சோதனை: போனில் பாஸ்வேர்டு சேமித்து வைத்திருப்பவர்களுக்கு, அசல் தளத்தில் பெட்டியைத் தொட்டதும் அது தானாக நிரம்ப வரும். ஒரு பக்கம் அச்சு அசலாக ஜிமெயில் போலவே இருக்கிறது, ஆனால் போன் கம்மென்று இருக்கிறது என்றால், முகவரி வேறு என்று அர்த்தம். நம் கண் ஏமாறும், அது ஏமாறாது. பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் விரல்ரேகையிலோ ஸ்கிரீன் லாக்கிலோ நுழையும் முறை) வைத்திருந்தால் இன்னும் நல்லது, போலிப் பக்கத்தில் அது வேலையே செய்யாது. கூகுள் 2023 அக்டோபரிலிருந்து அதைத்தான் முதலில் முன்வைக்கிறது.

ஏற்கெனவே தட்டிவிட்டீர்களா? வெட்கப்பட நேரமில்லை. மொபைல் டேட்டாவுக்கு மாறி, இப்போதே பாஸ்வேர்டை மாற்றிவிட்டு அறிகுறி 4-க்குப் போங்கள்.

## அறிகுறி 2: பிரவுசரில் முழுத்திரைக்கு எச்சரிக்கை வருகிறது

சாம்பல் எழுத்தில் கீழே ஒரு பிழைக் குறியீடு இருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நுழைவுப் பக்கம் பாக்கி. மேலே சொன்னதுதான். முதலில் அதை முடியுங்கள்.

கருவியின் தேதி தப்பு. குறியீட்டில் 'டேட்' என்ற சொல் இருக்கும். குரோம் சில நேரம் உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று நேரடியாகவே சொல்லிவிடும். போன மழைக்காலத்தில் ஒரு கல்லூரிப் பெண் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள். "அண்ணா, காபி ஷாப் வைஃபைல என்னை ஹேக் பண்ணிட்டாங்க." திறந்து வலது மூலையைப் பார்த்தேன்: 2019, ஜனவரி 1. மதர்போர்டில் இருக்கும் நாணய பேட்டரி செத்திருக்கிறது. வீட்டில் எப்போதும் சார்ஜரில் கிடந்ததால் தெரியவில்லை. பையில் போட்டு வெளியே எடுத்துப் போனபோது சார்ஜ் முழுக்க வடிந்து கடிகாரம் பிறந்த தேதிக்குப் போய்விட்டது. வைஃபை நுழைவுப் பக்கம் முடியாமல் நேரத்தைத் தானாகத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. ஒவ்வொரு தளமும் தான் அசல்தான் என்று காட்ட ஒரு சான்றிதழை நீட்டும்; அவை எல்லாம் எதிர்காலத்தில் பிறந்தவையாகத் தெரிந்தால் பிரவுசர் கத்தாமல் என்ன செய்யும்? தேதியைக் கையால் சரிசெய்தேன், ஜிமெயில் திறந்தது. ஹேக்கும் இல்லை ஒன்றும் இல்லை.

டெஸ்க்டாப்பில் அந்த சிஆர்2032 பேட்டரியை நீங்களே மாற்றலாம், 50 ரூபாய்க்குள் முடியும். லேப்டாப் என்றால் அடிமூடியைக் கழற்ற வேண்டும், சில புது மாடல்களில் தனி பேட்டரியே கிடையாது. அதைக் கடையில் கொடுங்கள்.

காலாவதியான ஆன்டிவைரஸ். சில ஆன்டிவைரஸ்கள் தளத்துக்கும் பிரவுசருக்கும் நடுவில் புகுந்து சோதிக்கும். சந்தா முடிந்து அரைகுறையாக ஓடினால் இப்படி எச்சரிக்கை வரும். ஹாட்ஸ்பாட்டிலும் அதே எச்சரிக்கை என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். புதுப்பியுங்கள், அல்லது எடுத்துவிட்டு விண்டோஸில் இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள். என் வாடிக்கையாளர்கள் பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

அந்த நெட்வொர்க்கே நடுவில் புகுந்து பார்க்கிறது. தேதி சரி, நுழைவுப் பக்கம் முடிந்தது, டேட்டாவில் ஒழுங்காகத் திறக்கிறது, இந்த வைஃபையில் மட்டும் எச்சரிக்கை. அப்படியானால் நிறுத்துங்கள். ஜிமெயிலில் எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் வழியையே குரோம் தராது, அது நல்லதுக்குத்தான். சின்ன நிறுவனங்களின் வெப்மெயிலில் 'அட்வான்ஸ்ட்' தட்டித் தாண்டிப் போக முடியும், அங்கேதான் ஆள் விழுகிறார்கள். கல்லூரி விடுதி, அலுவலகம் என்றால் திருட்டாக இருக்க வேண்டியதில்லை, அங்கே ஃபயர்வால் (நெட்வொர்க்கின் வாசலில் நிற்கும் காவல் கருவி) எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கும். முகவரிப் பட்டையின் இடது ஓரக் குறியைத் தட்டி, சான்றிதழைத் திறந்து, கொடுத்தது யார் என்று பாருங்கள். ஜிமெயிலுக்கு கூகுள் டிரஸ்ட் சர்வீசஸ் என்று இருக்க வேண்டும். ஃபயர்வால் கம்பெனியின் பெயரோ விடுதியின் பெயரோ இருந்தால், உங்கள் மெயிலை வழியில் ஒருவர் படிக்க முடியும். 'இந்தச் சான்றிதழை இன்ஸ்டால் பண்ணுங்க, மெசேஜ் வராது' என்பார்கள். அலுவலக லேப்டாப்பில் அவர்கள் இஷ்டம். சொந்தப் போனில் செய்யாதீர்கள்.

## அறிகுறி 3: கம்பெனி மெயில் ஆப் சான்றிதழ் பற்றிக் கத்துகிறது, அல்லது பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது

காற்றிலேயே பாஸ்வேர்டைப் பிடிக்கக்கூடிய பழைய காலம் இன்னும் உயிரோடு இருக்கும் இடம் இது. சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கும் சின்ன நிறுவனங்களின் கதை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வெப்சைட் செய்து கொடுத்தவர் கொசுறாக ஐந்து மெயில் முகவரியும் கொடுத்திருப்பார். அதற்குப் பிறகு அந்த செட்டிங் பக்கம் யாரும் போயிருக்க மாட்டார்கள்.

கரூரில் திரைச்சீலை, படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் ஒருவர் தன் போனைக் கொண்டுவந்தார். வேறு வேலைக்காக. சும்மா மெயில் ஆப்பில் இன்கமிங் சர்வர் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். போர்ட் (சர்வரில் நுழையும் வாசலின் எண்) 143. செக்யூரிட்டி: 'நன்', அதாவது பூட்டு எதுவும் இல்லை. அதாவது ஏர்போர்ட்டில், லாட்ஜில், கண்காட்சி அரங்கில் எங்கே வைஃபை போட்டாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவர் பாஸ்வேர்டு அப்படியே வெறும் எழுத்தாகக் காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. யார் இப்படி வைத்தது என்றால், "வைஃபை போட்டா ஏதோ சர்டிஃபிகேட் மெசேஜ் வந்துட்டே இருந்துச்சு, ஒரு பையன் சரிபண்ணிக் கொடுத்தான்" என்றார். சரிசெய்யவில்லை, பூட்டையே கழற்றிவிட்டான். அந்தப் பையனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை, 2014 வாக்கில் நானும் இதே வேலையை நாலு பேருக்குச் செய்து காசு வாங்கியிருக்கிறேன்.

முதலில் போர்ட்டைப் பாருங்கள். மெயிலை வாங்க ஐமேப், பாப் என்று இரண்டு முறை உண்டு: ஐமேப் என்றால் 993, பாப் என்றால் 995. அனுப்புவதற்கு 465. மூன்றுக்கும் செக்யூரிட்டியில் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், அதுதான் பூட்டு. அனுப்ப 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ் (பேச ஆரம்பித்த பிறகு பூட்டுப் போடும் முறை) என்று குறிப்பாகத் தேர்ந்திருக்க வேண்டும், ஆட்டோ என்று விடாதீர்கள். 143, 110, 25 என்ற எண்களோடு 'நன்' இருந்தால் உடனே மாற்றுங்கள், மாற்றிய கையோடு பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். மெயில் வருகிறது ஆனால் வெளியே போக மாட்டேன் என்கிறது என்றால், அநேகமாக 25-ல் இருக்கிறீர்கள். பொது வைஃபைகள் பலவும் அதை அடைத்து வைத்திருக்கும்.

சர்வர் பெயர் பொருந்தவில்லை. ஆப்பில் உங்கள் டொமைன் பெயருக்கு முன்னால் மெயில் என்று போட்ட முகவரி இருக்கும், சான்றிதழோ ஹோஸ்டிங் கம்பெனியின் சர்வர் பெயரில் இருக்கும். கத்தல் அதற்குத்தான். ஹோஸ்டிங் கம்பெனி (உங்கள் வெப்சைட்டையும் மெயிலையும் தன் சர்வரில் வைத்திருப்பவர்) கொடுத்த பேனலில் மெயில் செட்டிங் பக்கத்தில் என்ன சர்வர் பெயர் கொடுத்திருக்கிறார்களோ அதை எழுத்து மாறாமல் போடுங்கள்.

சான்றிதழ் காலாவதி. இலவசச் சான்றிதழ்கள் பெரும்பாலும் 90 நாள் ஆயுள் கொண்டவை. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு நின்றுபோனால் ஒரு நல்ல நாளில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை வரும். இதை உங்களால் சரிசெய்ய முடியாது, ஹோஸ்டிங்காரருக்கு டிக்கெட் போடுங்கள். அவர் "என்க்ரிப்ஷன் இல்லாமல் போட்டுக்கோங்க" என்று பதில் சொன்னால், 2018-ல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தரநிலையைச் சொல்லுங்கள். மெயில் ஆப் முதல் எழுத்திலிருந்தே பூட்டோடு பேச வேண்டும் என்கிறது அது. அதற்கும் மசியாவிட்டால் மெயிலை மட்டும் கட்டணச் சேவை ஒன்றுக்கு மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று செலவு உண்டு. மாற்றும்போது பழைய மெயில் தொலையாமல் இருக்கத் தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள்.

ஜிமெயில், அவுட்லுக் டாட் காம் முகவரியைப் பழைய ஆப்பில் வைத்திருக்கிறீர்கள். வெறும் பாஸ்வேர்டை வைத்து நுழையும் பழைய முறையை கூகுள் 2022 மே 30-லும், மைக்ரோசாஃப்ட் தன் தனிநபர் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16-லும் நிறுத்திவிட்டன. சரியான பாஸ்வேர்டையே நூறு தடவை போட்டாலும் ஆப் மறுபடி கேட்கும். தப்பு அந்த வைஃபை மேல் இல்லை. புது ஆப்புக்கு மாறுங்கள். கூகுளில் மட்டும், இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருந்தால், 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை எடுத்துப் பழைய ஆப்பை இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம்.

## அறிகுறி 4: "புதிய சாதனத்தில் உள்நுழைவு" என்று மெயில் வந்திருக்கிறது

அந்த மெயிலில் இருக்கும் பட்டனைத் தட்டாதீர்கள். அதுவே போலியாக இருக்கலாம். நீங்களாக கூகுள் கணக்குக்குப் போய் செக்யூரிட்டி, அதில் யுவர் டிவைசஸ் என்று பாருங்கள். அங்கே இல்லாத சாதனம் என்றால் வந்தது தூண்டில் மெயில், அழித்துவிடுங்கள். இருந்தால்:

ஊர் மட்டும் தப்பாக இருக்கிறதா? பதற வேண்டாம். நம் மொபைல் கம்பெனிகளின் இணைப்பு எங்கோ ஒரு பெருநகரம் வழியாக வெளியே போகும். நீங்கள் துறையூரில் டீக்கடையில் இருக்கும்போது சென்னை என்றோ மும்பை என்றோ காட்டும். விபிஎன் போட்டிருந்தால் சிங்கப்பூர்கூட வரும். போன் மாடலும் நேரமும் பொருந்தினால் அது நீங்கள்தான்.

விண்டோஸ் கம்ப்யூட்டர், உங்கள் ஊர், ஆனால் உங்களிடம் கம்ப்யூட்டரே இல்லையா? கொஞ்சம் யோசியுங்கள். ஹால் டிக்கெட்டோ ரெஸ்யூமோ பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடையில் மெயில் திறந்தீர்களா? லாக் அவுட் செய்தீர்களா? அநேகமாக அதுதான். அந்த வரியைத் தட்டி சைன் அவுட் கொடுத்துவிட்டு, பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், கடைப் பிரவுசர் அதைச் சேமித்து வைத்திருக்கலாம். அடுத்த தடவை மெயிலைத் திறக்காமல் பைலை பென் டிரைவில் கொண்டு போங்கள்.

எதுவுமே பொருந்தவில்லையா? நிஜமாகவே யாரோ வந்திருக்கிறார்கள். நம்பகமான இணைப்பிலிருந்து, இந்த வரிசையில் செய்யுங்கள்: பாஸ்வேர்டை மாற்றுங்கள், தெரியாத சாதனங்களை வெளியேற்றுங்கள், மீட்பு போன் எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள், கணக்கோடு இணைந்திருக்கும் வெளி ஆப்களில் தெரியாததை நீக்குங்கள். பாஸ்வேர்டை மாற்றினால் எல்லாரும் வெளியேறிவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம், அனுமதி வாங்கிய வெளி ஆப் உள்ளேயே இருக்கலாம். அப்புறம் அறிகுறி 6-ஐத் தவறாமல் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் ஜிமெயில் திறந்தால் இன்பாக்ஸின் கீழே வலது ஓரத்தில் பொடி எழுத்தில் டீடெயில்ஸ் என்று இருக்கும். கடைசியாக யார், எங்கிருந்து, பிரவுசரிலா ஐமேப்பிலா நுழைந்தார்கள் என்று அதில் தெரியும். நீங்கள் மெயில் ஆப் எதுவும் வைத்திருக்காதபோது அங்கே ஐமேப் என்று ஒரு வரி இருந்தால், உங்கள் மெயிலை ஒருவர் மொத்தமாக இறக்கிக்கொண்டிருக்கிறார்.

## அறிகுறி 5: ஓடிபி தகராறு

*கேட்காமலே வருகிறது என்றால்:* உங்கள் பாஸ்வேர்டு யாரிடமோ இருக்கலாம், ஓடிபிதான் இப்போது கதவைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. "நீங்கள்தானா?" என்று போனில் வரும் கேள்விக்கு இல்லை என்று அழுத்துங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு விடாமல் வந்தால், தொல்லை ஒழியட்டும் என்று ஆம் போடுபவர்கள் உண்டு. அதற்காகத்தான் அந்த நேரத்தில் அனுப்புகிறார்கள். பாஸ்வேர்டை மாற்றினால் நின்றுவிடும்.

*கேட்டும் வரவில்லை என்றால்:* திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் போகிறவர்கள் இதில் மாட்டுவார்கள். இறங்கியதும் ஏர்போர்ட் வைஃபை கிடைக்கும், நம் சிம்முக்கு ரோமிங் இல்லாததால் ஓடிபி வராது. அங்கே செய்ய ஒன்றுமில்லை, கிளம்பும் முன்பே செய்ய வேண்டும். கூகுள் கணக்கில் பேக்கப் கோட்ஸ் என்று எட்டு இலக்க எண்கள் பத்து கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒரு முறைக்கு. தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். ஆதென்டிகேட்டர் ஆப் (ஓடிபி போன்ற எண்ணைப் போனிலேயே உருவாக்கும் ஆப்) சிக்னல் இல்லாமலும் எண் தரும்.

*ஊரிலேயே இருக்கிறீர்கள், திடீரென்று சிக்னலே போய்விட்டது, ஓடிபியும் இல்லை என்றால்:* வீட்டில் வேறொருவர் போனிலிருந்து சிம் கம்பெனிக்குப் போன் செய்து, டூப்ளிகேட் சிம் யாராவது வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆம் என்றால் அடுத்த அழைப்பு வங்கிக்கு. மெயிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 6: பதில்கள் வருவதில்லை, "அனுப்பிட்டேனே" என்கிறார்கள்

ஸ்பேம், இடம் நிறைந்தது. முதலில் இரண்டையும் பாருங்கள். 15 ஜிபி நிறைந்துவிட்டால் ஜிமெயிலுக்குப் புது மெயில் வராது.

யாரோ வழியை மாற்றியிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஜிமெயில் செட்டிங்ஸைத் திறந்து மூன்று இடம் பாருங்கள். ஃபார்வர்டிங் பக்கத்தில் தெரியாத முகவரி இருக்கிறதா? ஃபில்டர்ஸ் பக்கத்தில் நீங்கள் போடாத விதி இருக்கிறதா? அக்கவுண்ட்ஸ் பக்கத்தில் வேறு யாருக்காவது உங்கள் கணக்கைத் திறக்கும் அனுமதி இருக்கிறதா? அவுட்லுக்கில் ரூல்ஸ் பாருங்கள். ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் என்று யாரும் திறக்காத ஒரு ஃபோல்டர் இருக்குமே, மெயிலை ஒளித்து வைக்க இவர்களுக்குப் பிடித்த இடம் அது. சொந்த டொமைன் என்றால் ஹோஸ்டிங் பேனலில் ஃபார்வர்டர்ஸும் பாருங்கள், பாஸ்வேர்டை எத்தனை தடவை மாற்றினாலும் அது அசையாது.

கரூர்க்காரர் இரண்டாவது முறை வந்தது இதற்குத்தான். ஐரோப்பாவிலிருந்து வாங்குபவர் போன் செய்து, "வங்கிக் கணக்கை மாத்திட்டதா மெயில் போட்டிருக்கீங்களே, நிஜமா?" என்று கேட்டிருக்கிறார். இவர் அப்படி ஒரு மெயில் போடவே இல்லை. பேனலைத் திறந்தால் ஒரு ஃபார்வர்டர், வாங்குபவரின் பெயர் வந்தால் தனி ஃபோல்டருக்குத் தள்ளும் ஒரு ஃபில்டர். இரண்டும் நாங்கள் போர்ட்டை மாற்றுவதற்கு முன்பே போட்டவை. அன்றைக்கு நான் அங்கே பார்க்கவில்லை. பாஸ்வேர்டு அந்த 143 வழியாகத்தான் போனதா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. வாங்குபவர் போன் எடுத்துக் கேட்டதால் பணம் தப்பியது.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: பண விவகாரம் கலந்துவிட்டால் நீங்களாகத் துடைக்காதீர்கள். ஃபில்டர், ஃபார்வர்டர், போலி மெயில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், போலி மெயிலை அழிக்காமல் வையுங்கள். பணம் போயிருந்தால் முதலில் வங்கி, அதே கையோடு 1930. இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் போடலாம். பணம் இன்னொரு கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு. கடைக்கு என்னிடம் அப்புறம் வரலாம்.

## அறிகுறி 7: உள்ளே போகவே முடியவில்லை

பதற்றத்தில் பாஸ்வேர்டைத் தப்பாகப் போடுகிறீர்கள். கேப்ஸ் லாக், தமிழ் கீபோர்டு. சிரிக்காதீர்கள், வாரத்துக்கு ஒன்று வருகிறது.

மீட்பு நடைமுறையைத் தப்பான இடத்திலிருந்து செய்கிறீர்கள். கூகுள் நீங்கள் வழக்கமாக நுழையும் கருவி, பிரவுசர், இடம் இவற்றையும் கணக்கில் எடுக்கும். பஸ் ஸ்டாண்டு வைஃபையில், புதுப் போனில் உட்கார்ந்து பத்துத் தடவை முயன்றால் சந்தேகம்தான் கூடும். வீட்டுக்குப் போங்கள். எப்போதும் பயன்படுத்தும் கருவியில், வீட்டு இணைப்பில், ஜி டாட் கோ போட்டுச் சாய்வுக்கோட்டுக்குப் பின் ரெக்கவர் என்று அடித்து, நிதானமாக ஒரு தடவை முயலுங்கள். நினைவிருக்கும் கடைசிப் பாஸ்வேர்டு பழையதாக இருந்தாலும் போடுங்கள்.

உள்ளே புகுந்தவர் மீட்பு எண்ணை மாற்றிவிட்டார். அப்போதும் பழைய எண்ணுக்கோ பழைய மீட்பு மெயிலுக்கோ கோடு வாங்க 7 நாள் வரை வழி கிடைக்கலாம். அதனால் தள்ளிப் போடாதீர்கள். கம்பெனிக் கணக்கு என்றால் இவ்வளவு பாடே வேண்டாம், அட்மின் இரண்டு நிமிடத்தில் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுப்பார்.

இந்த அறிகுறிக்கு என்னைப் போன்ற கடைக்காரர்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. "ஜிமெயிலை மீட்டுத் தருகிறேன், ஐயாயிரம் கொடு" என்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் தனி வழி எதுவும் கிடையாது. வாங்கிய காசுக்கு உங்களிடமே ஓடிபி கேட்பார். என்னிடம் வருவதாக இருந்தால் வீட்டில் டிராயரில் கிடக்கும் பழைய போனை எடுத்து வாருங்கள். ஸ்கிரீன் உடைந்திருந்தாலும் பரவாயில்லை. அதில் உங்கள் கணக்கு இன்னும் லாகின் ஆகி இருந்தால், சார்ஜ் ஏற்றி ஆன் செய்ததும் பாதி வேலை முடிந்துவிடும்.